ஜேன் குக் ரைட் விருது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீமோதெரபியின் வரலாறு குறித்த தங்கள் கட்டுரையில், அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் ஜேன் குக் ரைட் என்னும் மருத்துவரின் பெயரில் வழங்கும் சொற்பொழிவு விருதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். சிறந்த புற்றுநோய் ஆய்வைச் செய்திருப்பதுடன், சிறுபான்மையின ஆய்வாளர்களின் வளர்ச்சிக்கும் துணை நின்றிருக்க வேண்டும் என்பது அதற்கான தகுதி என்று எழுதியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. ஆய்வுக்கு ஒரு விருது, தொண்டுக்கு இன்னொரு விருது என்று தனித்தனியே கொடுப்பதல்லவா முறை? சேர்த்துக் கொடுத்தால் முதலாவதன் மதிப்பு குறையாதா? தவிர, அங்குள்ள ஆய்வகங்களில் நம்மவர்களே நிறைந்திருக்கும்போது, சிறுபான்மையினர் என்று யாரைச் சொல்கிறார்கள்?

கே., மதுரை

அன்புள்ள கே. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கான விடை சிறியது. நம்மிடையே சிறுபான்மை என்றதும் மதமோ மொழியோதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க அறிவியல் துறையில் இந்தச் சொல் பெரும்பாலும், மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிட மிகக் குறைவாகவே ஆய்வகங்களில் இடம்பெற்றிருக்கும் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடியினர் ஆகியோரைக் குறிக்கிறது. நம்மவர்கள் பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை.

மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். 2006இல் ஏற்படுத்தப்பட்ட இந்த விருதின் இரண்டாவது நிபந்தனையைத் தாங்கள் சலுகையாகப் பார்க்கிறீர்கள். விருதுக்குப் பெயர் தந்தவரின் வாழ்க்கையை அறிந்தால் அப்படிப் பார்ப்பது கடினம் என்று நினைக்கிறேன்.

அதை அவருடைய தந்தை லூயி ரைட்டிடமிருந்து தொடங்க வேண்டும். ஜார்ஜியாவில் 1891இல் பிறந்த அவர், அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு ஹார்வர்ட் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். அந்தக் கல்லூரியின் பட்டத்தில் ஹார்வர்டில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே அவரை ஒரு வேதியியல் பேராசிரியரிடம் வாய்மொழித் தேர்வுக்கு அனுப்பினார்கள். அந்தப் பேராசிரியர் ஓட்டோ ஃபோலின். ஃபோலின் வினைபொருளைத் தாங்கள் எத்தனையோ முறை மாணவர்களுக்குக் காட்டியிருப்பீர்கள். கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி லூயி ரைட் உள்ளே நுழைந்தார், 1915இல் பட்டமும் பெற்றார். அதே ஃபோலினின் துறையில்தான் சில ஆண்டுகள் கழித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகதா சுப்பாராவ் ஆய்வாளராகச் சேர்ந்தார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏனெனில் அவ்விருவரின் பாதைகளும் மீண்டும் சந்திக்கின்றன. சுப்பாராவின் தலைமையில் லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்த தேடலில் கிடைத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தான ஆரியோமைசினை, 1948இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தவர் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் பணியாற்றிய லூயி ரைட்தான். அதே ஆண்டில் அங்கே ஒரு புற்றுநோய் ஆய்வு மையத்தையும் அவர் தொடங்கினார்.

மகள் ஜேன் 1949இல் அதில் சேர்ந்தார். புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும்தான் மருத்துவம் என்றிருந்த காலம் அது. மருந்துகளைக் கடைசி வழியாகவே கருதினார்கள். எந்த மருந்து எந்த நோயாளியிடம் வேலை செய்யும் என்பதை எலிகளை வைத்து ஊகிப்பதோடு நின்றுவிடாமல், நோயாளியின் கட்டியிலிருந்தே ஒரு சிறு துண்டை எடுத்து, கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அதன் மீது மருந்தைச் செலுத்தி, உயிரணுக்கள் சாகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை அவர் கையாண்டார். ஆளுக்கேற்ற மருந்து என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் தொடக்கக் கால வடிவம் இது. ரத்தப் புற்றுநோயில் பயன்பட்டுவந்த ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட், மார்பகக் கட்டி போன்ற திடக் கட்டிகளையும் சுருங்கச் செய்யும் என்று 1951இல் அவருடைய குழு காட்டியது. இதுவும் லெடர்லேயில் உருவான மருந்துதான். 1952இல் தந்தை இறந்ததும் மையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1964இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேரில் அவர் ஒருவரே பெண், அவர் ஒருவரே கறுப்பினத்தவர்.

இதில் ஆய்வு எது, தொண்டு எது என்று கோடு கிழிக்க முடியுமா? ஃபோலின் அன்று அந்த இளைஞரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டதைத் தொண்டு என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதைச் செய்யாதிருந்தால் ஹார்லெமில் அந்த ஆய்வு மையம் இருந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

அதெல்லாம் பழங்கதை என்று தாங்கள் சொல்லக்கூடும். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தவர்களை ஒப்பிட்டது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல், அவர்கள் தேர்ந்தெடுத்த பொருளால் ஏற்பட்டது என்றது. சமூகங்கள், மக்கள்குழுக்கள் ஆகியவற்றின் உடல்நலம் பற்றிய கேள்விகளை அவர்கள் அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தகைய கேள்விகளுக்கு, யார் கேட்டாலும், நிதி குறைவாகவே கிடைக்கிறது.

என் வாதத்தின் மையம் இதுதான். அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஹார்மோன் மருந்துகளுக்குக் கட்டுப்படாத, மும்மை எதிர்மறை எனப்படும் மார்பகப் புற்றுநோய் கறுப்பினப் பெண்களிடையே மிகுதி. இவற்றுக்கான காரணம் மரபணுவிலா, வாழ்நிலையிலா, தாமதமான மருத்துவத்திலா என்று பிரித்தறிய, அம்மக்களின் கட்டி மாதிரிகள் வேண்டும், அவர்கள் மருந்துச் சோதனைகளில் சேரவும் வேண்டும். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு இருந்த மேகநோயை, பென்சிலின் வந்த பிறகும் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்ததும் அரசு மருத்துவர்கள்தாம். அந்த நினைவு இருக்கும் ஒரு குடும்பத்திடம் சென்று ஒப்புதல் கையெழுத்துக் கேட்பவர் யார் என்பது, அங்கே ஆய்வின் முடிவையே பாதிக்கும் விஷயம்.

தங்கள் அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. ஆய்வு சாதாரணமாக இருந்து, உதவிய நல்ல உள்ளத்துக்காக மட்டும் இந்த விருதைக் கொடுத்தால் அது ஜேன் ரைட்டுக்கே அவமதிப்பு. ஆண்டுக்கு ஒரு விருது, நிதி வழங்கும் குழுக்களின் பழக்கத்தை மாற்றிவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் விருதின் நிபந்தனையில் “அல்லது” கிடையாது, இரண்டும் வேண்டும். ஆய்வகம் நடத்துபவருக்கு நேரம்தான் மூலதனம். பிறருடைய நிதி விண்ணப்பத்தைத் திருத்திக்கொடுக்கும் ஒவ்வொரு மாலையும் தம்முடைய கட்டுரைக்கு இல்லாமல் போகிற மாலை. அப்படிச் செலவழித்த பிறகும் முதல் தரமான ஆய்வைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்பது, மற்ற விருதுகளைவிடக் கடுமையான தேர்வாகவே எனக்குப் படுகிறது.

விருது பெறுபவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் சொற்பொழிவாற்ற வேண்டும். அங்கே அவர் எடுத்துக்கொள்ளும் பொருள், தம்முடைய ஆய்வு.

அன்புடன்,
ஆசிரியர்