அப்பா ஏன் முணுமுணுத்தார்?

கேள்வி: ராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள் காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு மாயாஜாலச் சரித்திர நாவலைப் பாதிவரை படித்திருக்கிறேன். வர்ணனை அபாரம். நாயகி மார்கழி இரவில் தேவிபட்டினத்திலிருந்து வல்லம் என்ற படகில் ஏறி, கண்ணாடி போன்ற கடலில் பனிமூட்டத்துக்குள் யாழ்ப்பாணம் தப்பும் இடம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனாலும் கதை மனதில் ஒட்டவில்லை. வாசிப்பு வட்டத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்குத்தான் ரசனை போதவில்லையா? (முதலில் கண் மங்கிய அப்பாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். "மார்கழியில வடகடல் இப்பிடியா கெடக்கும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதனால் இப்போது தனியாகப் படிக்கிறேன்.)
– வாசகி, மண்டபம்

பதில்: நாவலைப் பற்றி அத்தனை வரி எழுதிய நீங்கள் அப்பாவை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது.

அவர் சொன்னதில் என்ன தப்பு? உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் அடங்கிக் கிடக்கும், தேவிபட்டினம் இருக்கும் பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும். தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்ததும் இதே மார்கழியில்தான், 1964 டிசம்பர் 22 நள்ளிரவு. அந்தக் கரையில் வாழ்ந்த மனிதரிடம் மார்கழி வடகடல் கண்ணாடி என்று வாசித்தால் முணுமுணுக்காமல் தாலாட்டா பாடுவார்?

மாயக் கதைதானே, காற்று எப்படி அடித்தால் என்ன என்பீர்கள். சரி, உங்கள் நாயகி தேவிபட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். வாடை ஏறக்குறைய நேர் எதிரே வீசும். பாய் விரித்துப் பயனில்லை. துரத்துகிறவர்கள் பின்னால், கடல் முன்னால். தை, மாசி வரை அவள் கரையிலேயே ஒளிந்து கிடக்க வேண்டும், இல்லையென்றால் எப்பாடுபட்டாவது தென்கடல் பக்கம் போய்ச் சேர வேண்டும். அட, கதையே அங்குதானே இருக்கிறது! வலம்புரிச் சங்கை ஊதி வாடையை அடக்கினாள் என்று எழுதியிருந்தால் உங்கள் அப்பாவே அசையாமல் கேட்டிருப்பார். அவர் மாயத்தைக் குறை சொல்லவில்லை. காற்று இருப்பதையே மறந்துபோன எழுத்தைத்தான் குறை சொன்னார். அந்த மூடுபனியை எடுத்து வேறெந்த ஊரில் போட்டாலும் கதை மாறாது. பிறகு எப்படி மனதில் ஒட்டும்?

உங்களுக்குப் பாதிப் புத்தகம் தாண்டியும் பிடிபடாததை அவர் ஒற்றை வரியில் சொல்லிவிட்டார். நீங்களோ தொந்தரவு என்று தள்ளி உட்கார்ந்துவிட்டீர்கள். கண் மங்கிய தகப்பனுக்கு வாசித்துக் காட்டுவது மருந்து எடுத்துக் கொடுப்பது போல ஒரு கடமை. அவர் குறுக்கே பேசுகிறார் என்று யாராவது மருந்தை நிறுத்துவார்களா?

இன்று இரவு அந்த அத்தியாயத்தை மறுபடி அவருக்கு வாசியுங்கள். எங்கே முணுமுணுக்கிறாரோ அங்கே நிறுத்தி, "அப்போ எப்படிப் போயிருப்பா, அப்பா?" என்று கேளுங்கள். சொல்வதை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வாசிப்பு வட்டத்துக்கு அந்தப் பிரதியையே எடுத்துப் போங்கள். அவரால் நடக்க முடியும் என்றால், அவரையும்.