எரு மக்கியதா, அழுகியதா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் மகளிர் குழு சாணம், காய்கறிக் கழிவு, இலைதழை எல்லாம் சேர்த்து உரம் தயாரிக்கிறது. குவித்து ஆறு மாதம் ஆகிறது. கையேட்டில் ‘நன்கு மட்கிய உரம்’ என்று போட்டிருக்கிறார்கள். வாங்க வந்த வியாபாரி, ‘நல்லா அழுகியிருக்கு, பூண்டுக்குத் தாராளமாப் போடலாம்’ என்கிறார். என் மாமியாரோ, ‘இது எங்கே மக்கியிருக்கு, அழுகியில்ல கிடக்கு’ என்கிறார். மட்குவது, மக்குவது, அழுகுவது எல்லாம் ஒன்றுதானே? மூட்டையில் எந்தச் சொல்லை அச்சடிப்பது?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. அவர் சொல்கிறபடி இருந்தால் அந்த எருவை இப்போதைக்குப் பூண்டுப் பாத்திப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். மட்குவதும் மக்குவதும் ஒரே சொல். உட்கார் என்று எழுதுகிறோம், உக்காரு என்று பேசுகிறோம். வெட்கம் வெக்கம் ஆகிறது. மட்கு மக்கு ஆனதும் அப்படித்தான். பாடப்புத்தகக்காரர்கள் எழுத்து வடிவத்தை வைத்துக்கொண்டார்கள்: இலைதழை சிதைந்து மண்ணில் தங்கும் கரிய பொருளுக்கு மட்கு என்றே பெயர், அதில் பிழைக்கும் உயிர்கள் மட்குண்ணிகள். பேச்சு வடிவமோ குப்பைத் தொட்டியில் ஏறி, ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று அரசாங்கச் சொல்லாகவே ஆகிவிட்டது. இரண்டில் எதை எழுதினாலும் பிழை இல்லை. மட்குதலுக்கு ஒளி மழுங்குதல் என்ற பழைய பொருளும் உண்டு. வகுப்பில் ‘மக்கு’ என்று திட்டு வாங்கியவர்கள் அதில் ஆறுதல் தேடிக்கொள்ளலாம். தச்சர் மரத்தின் ஓட்டையில் அப்புகிற மக்கு வேறு சங்கதி.

அழுகுவது இந்தக் குடும்பத்தில் சேராது. ‘உருளைக்கிழங்கு மக்கிவிட்டது’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கிழங்கு அழுகும், தக்காளி அழுகும். கேரட்டை ஈரத்தோடு மூட்டை கட்டினால் இரண்டு மூன்று நாளில் கொழகொழவென்று அழுகும். சருகும் வைக்கோலும் காகிதமும் மக்கும். பயிர் நோய்களைப் பாருங்கள்: வேரழுகல், தண்டழுகல், பழ அழுகல். வேர்மக்கல் என்று ஒரு நோய் கிடையாது. சதைப்பற்றும் நீரும் உள்ளது குலைந்தால் அழுகல், காய்ந்த பொருள் மெல்ல மண்ணாவது மக்கல் என்று நம் காது தானாகவே பிரித்துவைத்திருக்கிறது. மரச்சட்டம் என்றால் உளுத்துப்போகும், கயிறு இற்றுப்போகும், சோறு ஊசிப்போகும், எண்ணெயில் சிக்கு வாடை வரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுப் பேசிப் பாருங்கள், குழந்தைகூடச் சிரிக்கும்.

ஆனால் குழியில் போட்ட அழுகிய தக்காளியும் பிற்பாடு மக்கத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கேதான் சொல்லைவிட்டு உரக்குவியலுக்குள் இறங்க வேண்டும்.

குவியலுக்குள் காற்று நடமாடினால், காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பொருளைத் தின்று சூட்டையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். அது மக்குதல். மழை இறங்கி, சாணம் களிபோல அப்பிக் காற்று அடைபட்டால், காற்றில்லாமல் வாழும் கூட்டம் உள்ளே வந்துவிடும். அது அழுகல். அழுகிய முட்டை வாடையைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதன் அடையாளம். பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாகும் அளவே மக்குதலுக்குப் போதும்.

இப்போது மாமியார் பார்த்ததை நீங்களும் பாருங்கள். குவியலின் மேல்தோல் எப்போதுமே கறுப்பாக, உதிரியாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வியாபாரி பார்த்தது அதைத்தான். மண்வெட்டியால் நடுவில் ஒரு முழ ஆழம் வெட்டி ஒரு கை எடுங்கள். சாம்பல் பச்சையில் வழுவழுவென்று வருகிறதா, வைக்கோல் வைக்கோலாகவே நீளமாக இழுபடுகிறதா, முட்டைகோஸ் இலையின் நரம்பு தெரிகிறதா, மூக்கைச் சுளிக்க வைக்கிறதா? அழுகியிருக்கிறது. மக்கியதில் எது சாணம், எது இலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிடித்தால் உருண்டையாகும், விரலால் தட்டினால் உதிரும். வாசனை புதுமழை விழுந்த மண்ணின் வாசனை. அப்படிச் சொல்வது உவமைக்காக அல்ல. ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள்தான் மழை மண்ணிலும் மக்கிய எருவிலும் மணக்கிறது. ஆக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர்க் கூட்டம் உண்டாக்குவது அது.

இன்னும் சந்தேகமா? ஈரமான எருவை ஒரு கை அள்ளி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வீட்டுக்குள் ஒரு வாரம் வைத்துப் பிரியுங்கள். மண்வாசனையே வந்தால் முடிந்தது. அமோனியா நெடியோ முட்டை வாடையோ வந்தால் வேலை பாக்கி இருக்கிறது. ஒரு தொட்டியில் அந்த எருவையும் மண்ணையும் பாதிப்பாதி கலந்து முள்ளங்கி விதை போட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. முளை கருகினாலோ வராமலே போனாலோ பதில் கிடைத்துவிட்டது.

‘ஆறு மாதம் ஆகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் ஏமாற்றுவதே இந்தக் கணக்குத்தான். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழ பாதியாகும். வத்தலகுண்டில் மூன்று நாலு மாதத்தில் ஆகிற வேலை, மார்கழி உறைபனியில் மேல்மலையில் அநேகமாக நின்றே போகும். நீலகிரியின் மலைச் சதுப்புகளில் 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட செடி எச்சங்கள் குளிரிலும் நீரிலும் மக்கி முடியாமல் கரிய படிவாகக் கிடக்கின்றன. அதைத் தோண்டியெடுத்துத்தான் அந்தக் காலத்தில் அங்கே காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று ஆராய்கிறார்கள். அத்தனை ஆண்டே போதவில்லை என்றால் ஆறு மாதம் எம்மாத்திரம்! மக்கியது என்பது வயதைச் சொல்கிற சொல் அல்ல, நிலையைச் சொல்கிற சொல். நானும் ஒரு வருஷம் நாளை எண்ணி நம்பி, வீட்டுத் தோட்டத்து பீன்ஸ் பாத்தியில் போட்டேன். பத்தே நாளில் இலை மஞ்சளித்தது. பாதி வெந்த எரு, மிச்சத்தைச் செரிக்க மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொண்டது. கேரட் போட்டிருந்தால் கிழங்கு இரண்டு காலாகப் பிளந்திருக்கும். வெள்ளைப் புழு வேறு, பச்சை எருவோடு சேர்ந்தே வந்துவிடும்.

சரி, இருக்கிற குவியலை என்ன செய்யலாம்? வெயில் விழும் இடமாகப் பார்த்து முழுதாகப் புரட்டிக் கட்டுங்கள். வழுவழுப்பான பகுதியோடு காய்ந்த சருகு, வைக்கோல் தாராளமாகச் சேருங்கள். பைன் ஊசியும் கற்பூர மரத்து இலையும் வேண்டாம், அவை மக்கவே நெடுநாள் பிடிவாதம் செய்யும். உயரம் மூன்றரை, நாலடியாவது வேண்டும். குளிரில் சின்னக் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. மேலே தார்ப்பாய் போடுங்கள், ஆனால் பக்கவாட்டில் காற்றுக்கு வழி இருக்கட்டும். நடுவில் ஒரு கடப்பாரையைச் செருகி கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் நல்லது, வேலை நடக்கிறது. சூடு இறங்கியதும் கிளறுங்கள். கிளறியும் ஈரம் சரிபார்த்தும் சூடு ஏறாத நாள் வரும். அப்புறம் ஒரு மாதமாவது ஆறவிடுங்கள். பழுப்பு அழுகல் வந்த உருளைக்கிழங்கை மட்டும் இதில் போடவே கூடாது. 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான கிருமி சாகும் என்பார்கள், ஆனால் குவியலின் ஓரத்தில் அந்தச் சூடு இருக்காது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ‘மக்கும் பை’ என்று விற்கிற கவரைக் கழிவோடு சேர்த்துக் குவியலில் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பல, 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு காக்கும் உர ஆலையில் மக்குவதற்கென்று செய்தவை. மேல்மலைக் குளிரில் வருஷக்கணக்கில் கிடக்கும். சாதா பிளாஸ்டிக்கோ மக்குவதே இல்லை, வெயிலில் நைந்து துணுக்குத் துணுக்காகி மண்ணோடு கலக்கும். நைவதைப் பார்த்து மக்கிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

மூட்டைக்கு வருவோம். ‘மக்கிய தொழு உரம்’ என்றே அச்சடியுங்கள், வாங்குகிறவர் வாயில் புழங்கும் சொல் அதுதான். குவியல் தொடங்கிய தேதியை விட்டுவிட்டு, கடைசியாகக் கிளறிய தேதியைப் போடுங்கள். அச்சகத்துக்குச் சொல்லுமுன் மாமியாரை ஒரு கை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.