காலணிக்குக் கொடுத்த விலை காலணியில் இருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

காலணிகளின் ஆயுளையும் விலையையும் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டுமே குறிப்பிடப்படுகிறது.

கேள்வி: என் கணவருக்கு ஐந்தாண்டுகளுக்கு முன் 4,500 ரூபாய்க்குக் கறுப்பு ஷூ வாங்கினோம். விசேஷங்களுக்கு மட்டுமே அணிவார். சென்ற மாதம் ஒரு திருமணத்துக்கு அணிந்து சென்றபோது, மண்டப வாசலிலேயே அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. போலிப் பொருளை விற்று ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கடைகளில் ‘பி.யு. சோல்’ என்று சொல்லப்படும் பாலியூரித்தேன் அடிப்பாகம் கடைசியில் இப்படித்தான் ஆகும். எடை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும், அச்சில் ஊற்றி விரைவாக வார்த்துவிடலாம் என்பதால் அலுவலக ஷூக்களிலும் பாதுகாப்பு பூட்ஸ்களிலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது. இதில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என இரண்டு உண்டு. தேய்மானத்தையும் எண்ணெயையும் நன்கு தாங்குவதால் காலணிக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் வகையையே எடுக்கிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து, அதன் மூலக்கூறுகளைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கிறது. அறுபடும்போது உண்டாகும் அமிலம், மீதமுள்ள பிணைப்புகளும் அறுபடுவதை விரைவுபடுத்துகிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெயிலும் ஈரக்காற்றும் ஆண்டு முழுவதும் சேர்ந்தே இருக்கும் நம் ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அணியாமல் பத்திரமாக வைத்திருந்தால் இந்தச் சிதைவு நின்றுவிடுவதில்லை. நடந்து தேய்வது வேறு, இருந்த இடத்திலேயே உளுத்துப்போவது வேறு. அச்சில் வார்த்த நாளிலிருந்தே அதன் ஆயுள் குறையத் தொடங்குகிறது. நீங்கள் வாங்கிய நாள் கணக்கில் வராது. அதனால்தான் பெரிய தள்ளுபடி விற்பனைகளில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். பாதி விலைக்குக் கிடைக்கும் ஷூ, கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டுகள் கிடந்த பழைய சரக்காக இருந்தால், அதன் அடிப்பாகத்தின் ஆயுளில் பெரும்பகுதியைக் கிடங்கிலேயே இழந்திருக்கும். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் மற்ற ஷூக்களையும் இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள். விரல் மடியும் இடத்தில் ஷூவை நன்றாக வளைத்து, அடிப்பாகத்தின் பக்கவாட்டையும் குதிகாலை ஒட்டிய பள்ளத்தையும் வெளிச்சத்தில் கவனியுங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, கட்டைவிரல் நகத்தால் அழுத்திய தடம் மறையாமல் அப்படியே நின்றாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, அந்த அடிப்பாகம் அதிக நாள் தாங்காது. ஈரம் காயாத ஷூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதாகும். காற்றோட்டமான தட்டில் வைத்து, விசேஷம் வரட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது அணிவதே நல்லது.

மேல்தோல் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஷூவைத் தூக்கி எறிய வேண்டாம். உளுத்த பகுதி முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் சோல் ஒட்டி, சுற்றிலும் தையல் போட்டுத் தருமாறு பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். பழைய பி.யு. துணுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதிய ஒட்டு பிடிக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முதல் வேலையில் சேர்ந்திருக்கிறேன். 2,000 ரூபாய் ஷூ எனக்கு ஓராண்டுதான் வருகிறது. 9,000 ரூபாய்க்கு ‘குட்இயர் வெல்ட்’ ஷூ வாங்கினால் பத்தாண்டு உழைக்கும், கணக்குப் பார்த்தால் அதுவே மலிவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், சென்னை)

பதில்: பாதி உண்மை. முதலில் அந்தத் தையல் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இன்று விற்கும் ஷூக்களில் பெரும்பாலானவற்றில் மேல்தோலை அடியில் மடித்து, சொரசொரப்பாக்கி, பசை தடவி, சூடேற்றி, சோலோடு அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். வெல்ட் முறையில் மேல்தோலும் உள்ளட்டையும் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வரும் அட்டை) சேருமிடத்தில் சுற்றிலும் ஒரு தோல் பட்டையைத் தைக்கிறார்கள். வெளிச் சோல் அந்தப் பட்டையோடுதான் தைக்கப்படுகிறது. ஆகவே சோல் தேய்ந்ததும் வெளித் தையலை மட்டும் பிரித்துப் புதியதைத் தைக்கலாம், மேல்தோலில் கை வைக்க வேண்டியதில்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்டவர், 1870களில் இந்தத் தையலுக்கான இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குட்இயர் டயர் நிறுவனத்துக்கும் இந்த முறைக்கும் தொடர்பில்லை.

இனி கணக்கு. 2,000 ரூபாய் ஷூ பத்தாண்டுக்கு 20,000 ரூபாய். 9,000 ரூபாய் ஷூவுக்குப் பத்தாண்டில் மூன்று முறை சோல் மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 15,000. ஆனால் ஒரே ஷூவைத் தினமும் அணிந்தால் இந்தக் கணக்கு நிற்காது. ஒரு நாள் முழுக்கத் தோல் குடித்த வியர்வை மறுநாள் காலைக்குள் காய்வதில்லை. ஈரத் தோல் மீண்டும் மீண்டும் மடிந்தால் மடிப்பிலேயே வெடித்துவிடும். எனவே மாற்றி மாற்றி அணிய இரண்டு ஜோடி வேண்டும். அப்போது முதலிலேயே 18,000 ரூபாய் போய்விடுகிறது. சோல் மாற்றும் செலவு குறையும், காலம் நீளும், ஆனாலும் மிச்சம் பெரிதாக இருக்காது. பத்தாண்டும் நல்ல ஷூ அணிந்திருப்பீர்கள் என்பதுதான் உண்மையான ஆதாயம், அது எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. இருந்தாலும் வெல்ட் ஷூவுக்கு ஒழுங்காகச் சோல் மாற்றித் தருபவர் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் வெல்ட்டுக்குக் கொடுத்த கூடுதல் விலை வீண்.

தையல் போன்ற தோற்றத்தை மட்டும் வார்த்துவிட்ட சோல்களும் விற்பனையில் உள்ளன. ஷூவின் ஓரத்தில் மேலே தெரியும் நூல், கவிழ்த்துப் பார்த்தால் அடியிலோ, அடியில் நூல் பதிய வெட்டிய பள்ளத்திலோ தெரிய வேண்டும். மேலே மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது அலங்காரம். உள்ளட்டையின் மேல் சுற்றிலும் தையல் தெரிந்தால் அது பிளேக் முறை, அதாவது சோலை நேராக உள்ளட்டையோடு தைப்பது. மெல்லிய அழகான ஷூ, ஆனால் மழைத் தண்ணீர் தையல் வழியே உள்ளே வரும்.

முதல் சம்பளத்தில் வாங்குவதாக இருந்தால் என் யோசனை வேறு. 2,000 முதல் 2,500 ரூபாய்க்குள், ரப்பர் அல்லது டி.பி.ஆர். (சூட்டில் உருக்கி வார்க்கும் ரப்பர் வகை) சோல் வைத்து, ஒட்டியதோடு சுற்றிலும் தைத்தும் இருக்கும் தோல் ஷூக்களில் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ஆகவே அந்த எல்லையைச் சற்றே தாண்டிய ஷூவில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வரிக்கே போகும், ஷூவின் தரத்துக்குப் போகாது.

கேள்வி: ‘ஜெனுவைன் லெதர்’ என்று முத்திரை குத்திய ஷூ, ஒரே ஆண்டில் மேலே தாள் போல உரிகிறது. தோல் உரியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: உரிவது தோல் அல்ல, அதன் மேல் ஒட்டிய பி.யு. படலம். மாட்டுத்தோலும் எருமைத்தோலும் தடிமனானவை என்பதால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளில் அவற்றை இயந்திரத்தில் அடுக்குகளாகப் பிளப்பார்கள். மேலடுக்கில்தான் இழைகள் நெருக்கமாகப் பின்னி உறுதியாக இருக்கும். அடியடுக்கில் இழைகள் தளர்ந்திருக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதன் மேல் படலம் ஒட்டி, மயிர்க்கால் புள்ளிகளை அச்சடித்தால் பார்வைக்கு மேலடுக்குத் தோல் போலவே ஆகிவிடும். அதுவும் தோல்தான் என்பதால் முத்திரை பொய்யில்லை, தரத்தைப் பற்றித்தான் அது எதுவும் சொல்வதில்லை. ஐரோப்பாவுக்குத் தயாரித்து மிஞ்சிய ஷூக்களில் சிறு படங்கள் இருக்கும். விரித்த தோலின் வடிவம் மட்டும் இருந்தால் தோல். அதன் நடுவே சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சிட்ட தோல். வெறும் சாய்சதுரம் என்றால் பிற பொருள், பெரும்பாலும் செயற்கை. கடையில் ஷூவை மடக்கிப் பாருங்கள். நல்ல மேலடுக்குத் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் தளரும். படலம் ஒட்டியதில் தடித்த ஒற்றை மடிப்பு விழும்.

கேள்வி: வயது 63. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். ஷூவின் அடி தேயவே இல்லை, ஆனால் சில மாதங்களாக முழங்கால் வலிக்கிறது. ஷூவை மாற்ற வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: வலிக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள் ஐயா. ஷூவைப் பொறுத்தவரை, அடியிலுள்ள ரப்பர் தேய்வதற்கு முன்பே அதற்கு மேலுள்ள ஈ.வி.ஏ. என்னும் மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை அமுங்கிவிடும். அதிர்ச்சியைத் தாங்குவது அந்த நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயு அறைகள்தான். ஓடுபவர்களுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடைக்கு அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் கூடுதலாக வரும். நீங்கள் மாதத்துக்கு 150 கிலோமீட்டர் நடக்கிறீர்கள், ஆகவே ஓராண்டைத் தாண்டிய ஷூவை மாற்றிவிடலாம். சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், நுரையின் பக்கவாட்டில் அழுத்தச் சுருக்கங்கள் நிலைத்துவிட்டாலும் அதன் வேலை முடிந்தது. நடைக்கு மிக விலையுயர்ந்த ஓட்ட ஷூ தேவையில்லை.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். சொந்தக் காசில் வாங்கிய பாதுகாப்பு பூட்ஸின் சோல் 25 நாளில் கழன்றுவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். (வாசகர், ஓசூர்)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி கடைக்காரரைக் காப்பாற்றாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, உடனே எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

அடுத்த ஜோடியை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15298 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின் பாதுகாப்புக் காலணியில் விரல்களுக்கு மேலுள்ள கவசம் 200 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) மோதலைத் தாங்க வேண்டும். உங்கள் உயிரும் உறுப்பும் சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் இதில் மட்டும் விலையைப் பார்த்து இறங்கி வராதீர்கள். தார் அல்லது வெல்டிங் வேலை இருக்குமானால் பி.யு. சோல் வேண்டாம், நைட்ரைல் ரப்பர் சோல் கேளுங்கள். ஈரச் சிமென்ட் காரத்தன்மை உடையது, தோலையும் தையலையும் அரிக்கும். அன்றன்றே கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

புகார் முடியும் வரை கழன்ற சோலை நீங்களே பசை போட்டு ஒட்டிவிட வேண்டாம். குறை இருந்த நிலையிலேயே பூட்ஸையும், பில்லையும், முத்திரை தெரியும்படி எடுத்த படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.