டெஸ்ட் நார்மல், பாதம் மட்டும் எரிகிறது

கேள்வி: வயது 54. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது. போர்வை பட்டாலே தாங்கவில்லை. கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்டில் எல்லாம் நார்மல். வீட்டில் "மனப்பிரமை" என்கிறார்கள்.

பதில்: பிரமை இல்லை அம்மா. அந்த டெஸ்டுக்குத் தெரிவது தடித்த நரம்பிழைகள் மட்டுமே. உங்களுக்கு எரிவது மெல்லிய இழைகளில்.

சும்மா இருக்கும் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். தூண்டுதல் வந்து இது −55 அளவுக்கு ஏறினால், சவ்வில் உள்ள சோடியம் வாசல்கள் சட்டென்று திறக்கும். வெளியே மிகுந்திருக்கும் சோடியம் உள்ளே பாய, உட்புற மின்னழுத்தம் +30 வரை எகிறும். ஓரிரு மில்லிவிநாடியில் அந்த வாசல் அடைபட்டு, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்பும். அதற்குள் அடுத்த வாசல் திறந்திருக்கும். துடிப்பு இப்படித்தான் நகர்கிறது.

தடித்த இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறையின் இடைவெளிகளில் மட்டும் துடிப்பு தாவிப் போவதால் வேகம் விநாடிக்கு 40 முதல் 60 மீட்டர். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகளுக்கு, அதாவது 'சி' இழைகளுக்கு, உறையே கிடையாது. வேகம் சுமார் 1 மீட்டர். கால் விரலைச் சுட்டுக்கொண்டால் முதலில் 'சுரீர்', சற்றுப் பொறுத்துத்தான் எரிச்சல் வருவது இதனால்தான். சி இழையின் துடிப்பு மிகச் சிறியது, சிதறித் தாமதமாக வரும். டெஸ்ட் கருவியில் பதிவாகாது.

சர்க்கரையால் பழுதான மெல்லிய இழைகள் சூடே படாமல் தாமாகத் துடிக்கின்றன. மூளைக்கு அது தீயாகவே தெரியும்.

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பாருங்கள். மெட்ஃபார்மின் நாள்பட அதைக் குறைக்கும், குறைந்தால் ஈடுசெய்யலாம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் வெளிக்கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. தோல் எடுத்து நரம்பு நுனிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ப்ரீகாபாலின் பலருக்கும் எரிச்சலைத் தணிக்கும். ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிரியாட்டினின் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எரிகிறதே என்று பாதத்தை ஐஸிலோ வெந்நீரிலோ வைக்க வேண்டாம். சூடு உணரும் இழையும் இதே ரகம்தான், கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கால் பலவீனமாகி, அந்தப் பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினாலோ, சிறுநீர் போக முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.