செட்டில் ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்விக்கடன் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு கிராமம். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மாவுக்கு நூறு நாள் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான். 2013-இல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, முதல் பட்டதாரி சலுகையிலும் வங்கிக் கடனிலும் பி.இ. படித்தேன். பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 186 வாங்கிய நான், முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர் வைத்தேன். பாடம் முழுக்க இங்கிலீஷ். கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்கவில்லை. ஒரு வருஷம் பி.பி.ஓ.வில் இருந்துவிட்டு, வேளச்சேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் முடித்து, இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் சீனியர் டெஸ்டராக இருக்கிறேன்.

ஜனவரியில் நான் படித்த பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். கஷ்டப்பட்டால் முன்னேறலாம், கனவு காணுங்கள் என்றெல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். கிளம்பும்போது ஒரு பெண் வேன் பக்கத்தில் வந்து, "அக்கா, கவுன்சலிங்ல காலேஜ் பேரை எந்த ஆர்டர்ல போடணும்?" என்று கேட்டாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. ஆனால் வீட்டுக்கு இப்போதுதான் தளம் போட்டோம், அந்தக் கடன் இருக்கிறது. தம்பி இந்த வருஷம் பிளஸ் ஒன் முடிக்கிறான். "நீயே இன்னும் செட்டில் ஆகல, அதுக்குள்ள ஊருக்கு உபகாரமா?" என்கிறார் மாமா. அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. இன்னொரு பயம், உதவி செய்கிறேன் என்று போய் அவர்கள் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவேனோ என்று. ஆபீஸிலும் மூன்று வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கேட்கத் தயக்கம். நான் எப்படி அடுத்தவருக்கு வழி சொல்வது?

அன்புடன்,
கி., சென்னை

*

அன்புள்ள கி.,

வேன் பக்கத்தில் வந்து அந்தப் பெண் கேட்டாள் பாருங்கள், அன்றைய நிகழ்ச்சியே அதுதான். உங்கள் பேச்சைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் ஊரில் படித்து, நம்மைப் போலவே பேசுகிற ஒரு அக்கா மேடையில் நிற்கிறாள் என்பதே பெரிய விஷயம். அதைப் பார்த்த தைரியத்தில்தான் அவள் உங்களிடம் வந்து கேட்டாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஊக்கம் இல்லை. எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்ற விவரம்.

நான் வங்கியில் பல வருஷம் கடன் பிரிவில் இருந்தேன். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் கல்விக்கடனுக்கு வருகிறவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஒரு அப்பாவும் மகளும் வந்தது மறக்கவில்லை. உட்காரச் சொன்னால் அப்பா உட்காரவே இல்லை. மஞ்சள் பையிலிருந்து அவள்தான் ஒவ்வொரு காகிதமாக எடுத்து வைத்தாள். மார்க் ஷீட்டைப் பார்த்தேன், நல்ல மதிப்பெண். அந்தக் கட் ஆஃபுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்க வேண்டும். அவள் கையில் இருந்ததோ ஒரு தனியார் கல்லூரியின் ஒதுக்கீட்டு ஆணை. ஏம்மா என்று கேட்டேன். பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் லிஸ்ட் போட்டுக் கொடுத்தார் என்றாள். பிரின்ட் அவுட்டை வாங்கிப் பார்த்தேன். அரசுக் கல்லூரியும் அதில் இருந்தது, பதினேழாவது இடத்தில்.

கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். உங்கள் மதிப்பெண்ணுக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பதினேழாவது இடத்துக்கு வரவேண்டிய தேவையே அதற்கு இல்லை. பிடித்த கல்லூரியை மேலே போட வேண்டும், கிடைக்காதோ என்று பயந்து கீழே தள்ளக்கூடாது, எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். இந்த மூன்று வரியை அந்த வாரத்தில் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. விளைவு, அரசுக் கல்லூரியில் சொற்பமான கட்டணத்தில் முடிந்திருக்க வேண்டிய படிப்புக்கு, அந்த அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டார். படிவத்தை நீட்டியது நான்தான். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

பட்டதாரிகள் இருக்கிற வீட்டில் இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. சாப்பிடும்போது காதில் விழுகிறது. சித்தப்பா போனில் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் மாடிப்படியில் சொல்கிறான். அரியர் விழுந்தால் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பி, தேதி போனால் போனதுதான். வேலைக்கு டெபாசிட் கேட்கிறவன் பக்கம் போகாதே. ஒரிஜினல் சர்டிபிகேட்டை எவனிடமும் கொடுத்து வைக்காதே. ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் ஆண்டுச் சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு. உங்கள் வீட்டில் இதைச் சொல்ல யாரும் இல்லை. நீங்கள் ஒவ்வொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டீர்கள். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பணத்துக்கு அடுத்தபடியாக இல்லாமல் போவது இந்தப் பேச்சுதான். பல சமயம் பணத்துக்கு முன்னாலேயே.

அம்பேத்கர் வாழ்க்கையில் எல்லோரும் சொல்வது பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையை. மாதம் 25 ரூபாய். அதில் படித்துத்தான் 1912-இல் பி.ஏ. முடித்தார், மறுவருஷம் அதே மன்னரின் உதவியில் கொலம்பியா போனார். ஆனால் மன்னர் மாளிகைக்கு அந்த இளைஞன் தானாகப் போய்விடவில்லை. பம்பாயில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்று ஒரு ஆசிரியர் இருந்தார். சர்னி ரோடு பூங்காவில் தினமும் ஒரு பையன் வந்து உட்கார்ந்து படிப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். பையன் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியதும், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைக் கையில் கொடுத்தார். பிறகு குடும்பத்தால் படிக்க வைக்க முடியாத நிலை வந்தபோது மன்னரிடம் அழைத்துப்போனார். கேளுஸ்கரிடம் கொட்டிக் கொடுக்கப் பணம் இல்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது, கூட நடந்து போனார். அந்தப் புத்தர் பிறகு அம்பேத்கரின் வாழ்க்கையில் எங்கே போய் நின்றார் என்பது நமக்குத் தெரியும்.

எனக்கும் ஒருவர் வாய்த்தார். எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருகிற தபால்காரர். எண்பதுகளில் பி.எஸ்சி. முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் அங்கேயே கிடந்தபோது, வங்கிப் பணியாளர் தேர்வு வாரிய விளம்பரத்தை வெட்டி எடுத்து வந்து, போஸ்டல் ஆர்டரும் எடுத்துக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து என்னை நிரப்ப வைத்தார். அவர் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவர். ஆகவே, வழி சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

சரி, மாமா சொன்னதற்கு வருகிறேன். குடும்பத்தின் மேல் அக்கறையில் சொல்கிறார், அவரோடு சண்டை வேண்டாம். பண விஷயத்தில் அவர் சொல்வது சரியும்கூட. தளத்துக் கடன் முடியும்வரை ஊரில் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். பிறகும் உங்கள் கையால் கொடுக்காமல் இருப்பது நல்லது. பணம் நடுவில் வந்துவிட்டால் அந்தப் பெண் உங்களிடம் "அக்கா, எனக்கு இந்தக் கோர்ஸ் பிடிக்கலை" என்று சொல்லக் கூச்சப்படுவாள். பணத்துக்குத் திட்டங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டியதில்லை. இவற்றுக்கு எந்தத் தாளோடு எங்கே போய் நிற்பது என்று சொல்லிக்கொடுத்தாலே போதும்.

ஆனால் செட்டில் ஆன பிறகு என்று தள்ளிப்போடச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உங்களிடம் இருக்கும் சரக்கு கெட்டுப்போகிற சரக்கு. 2013-இல் நீங்கள் கவுன்சலிங்குக்கு அப்பாவோடு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் காலி இடங்களைப் பார்த்து, அவசரமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். ஐந்தே வருஷத்தில் முறையே மாறிவிட்டது. இன்றைக்கு டெஸ்டிங் இன்டர்வியூவில் என்ன கேட்கிறார்கள், எந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டலாம், எது ஏமாற்று என்று உங்களுக்கு இப்போது தெரியும். பத்து வருஷம் கழித்து, சொந்த வீடு கட்டி, பதவியும் உயர்ந்து நீங்கள் போகும்போது மாலை போடுவார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள்.

பெரிதாக அமைப்பு கட்ட வேண்டாம். இரண்டு, மூன்று பேர் போதும். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது, கவுன்சலிங் பதிவு நடக்கிறது, ஆகவே தாமதிக்காமல் தலைமையாசிரியரிடம் பேசி அந்தப் பெண்ணின் வீட்டு எண்ணை வாங்குங்கள். முதல் தடவை அவள் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசுங்கள். இது முக்கியம். மகளிடம் யார் பேசுகிறார்கள் என்று வீட்டுக்குத் தெரிந்தால்தான், நாளை விடுதியா வீடா என்று பேச்சு வரும்போது உங்கள் சொல் அங்கே எடுபடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் படிப்பு நிற்பது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான்.

பிறகு வாராவாரம் போன் செய்யத் தேவையில்லை. கல்லூரிப் படிப்பில் சில வாரங்கள் இருக்கின்றன, அப்போது மட்டும் தவறாமல் அழையுங்கள். கல்லூரிப் பட்டியல் போடும் வாரம். சேர்ந்த முதல் மாதம், வகுப்பில் ஒன்றும் புரியாமல் திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றும் நாட்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற அன்று கட்டாயம். அன்றைக்கு உங்கள் கணக்கு அரியர் கதையைச் சொல்லுங்கள். மேடையில் அதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. அரியர் என்றாலே படிப்பு போச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் சொல்லாமல் மறைக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அரியர் வைத்த அக்கா ஒருத்தி இன்று ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறாள் என்பது அந்த ராத்திரியில் அவளுக்கு வேறெதையும் விடப் பெரிய ஆறுதல். அப்புறம் மூன்றாம் வருஷக் கடைசி. அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே குரூப் டிஸ்கஷன் நடத்துங்கள். தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேச ஒரு இடம் அவளுக்கு வேண்டும். உங்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை, அதனால்தான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பயம் இருக்கிறவர்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. இருந்தாலும் ஒன்று. நீங்கள் இ.சி.இ. எடுக்கச் சொல்லி அவள் நர்சிங்கோ பி.காமோ போனால், அதே அக்கறையோடு அடுத்த போனையும் செய்யுங்கள். அவளோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நாளைக்கு அவள் நன்றாக வந்த பிறகு உங்களைச் சொல்லாமல் போனாலும் போகட்டும்.

ஆபீஸ் விஷயத்துக்கு நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அது உறுத்தியது. கவுன்சலிங்கில் ஆள் இல்லாமல் நின்றதைப் போலத்தான் இப்போது ஆபீஸிலும் நிற்கிறீர்கள். நம் வீடுகளில் கொடுத்த வேலையைச் செய், எதிர்த்துக் கேட்காதே என்று வளர்க்கிறார்கள். கூலி வேலையில் அதுதான் பாதுகாப்பு, வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கம்பெனியில் அப்படி இல்லை, கேட்காதவருக்கு ஒன்றும் வேண்டாம் போல என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களைவிட ஐந்தாறு வருஷம் மூத்த, வேறு டீமில் இருக்கிற ஒருவரைப் பாருங்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. "ஆட்டோமேஷன் பக்கம் போக நினைக்கிறேன், இந்த வருஷ அப்ரைசலில் மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?" என்று கேளுங்கள். அந்தப் பெண் உங்களிடம் கேட்டது அவ்வளவு திட்டமான கேள்வி. அதனால்தான் அதற்குப் பதில் இருக்கிறது.

கடைசியாக உங்கள் தம்பி. நீங்கள் முதல் பட்டதாரி சலுகை வாங்கிவிட்டதால் அவனுக்கு அது கிடைக்காது, ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். காகிதத்தில் உங்கள் வீட்டின் முதல் தலைமுறை உங்களோடு முடிந்துவிட்டது. அதனால் மனம் தளர வேண்டாம். அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், பொறியியலில் 2021-லிருந்து இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவான். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனதும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். நடுவில் எந்த வகுப்பையாவது வேறு பள்ளியில் படித்திருந்தால், அது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்று இந்த லீவிலேயே பார்த்து வையுங்கள். உள் ஒதுக்கீட்டுக்கு அது முக்கியம். ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்ததற்கான சான்றுகளை அடுத்த வருஷம் கடைசி நேரத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது.

அன்புடன்.