குரங்குக்குப் பந்தி வைத்தது யார்?

அக்காவுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கல்யாணமாகி 14 வருஷம். நான்தான் மூத்த மருமகள். கொழுந்தனார் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது, நாத்தனார் குடும்பம் ஓசூரில். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருமாகச் சேர்ந்து எங்காவது ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவோம். போன ஆடியில் ஓகேனக்கல்லில் இரண்டு காட்டேஜ் எடுத்து 17 பேர் தங்கினோம். எல்லோரிடமும் தேதி கேட்டது, காட்டேஜ் பேசியது, ஆளாளுக்குப் பணம் வசூலித்தது, மளிகை வாங்கியது, சமைத்தது எல்லாம் நான்.

போய் இறங்கினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. "நல்ல நாளாப் பார்த்தீங்க போங்க அண்ணி" என்றார் நாத்தனார். சாயங்காலம் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. அத்தையின் பிரஷர் மாத்திரை உள்ளே. வாட்ச்மேன் மாற்றுச் சாவியோடு வர முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் உட்பட ஆண்கள் நாலு பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து அறையில் குளித்ததில் மேல்தொட்டித் தண்ணீர் காலி. அதற்கப்புறம்தான் பெரிய கூத்து. அத்தை கேட்டார்களே என்று களி கிண்டிக்கொண்டிருந்தேன். வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். குரங்கு உள்ளே வந்து நிப்பட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாவகாசமாகத் தின்கிறது. நான் களிக் கட்டையோடு நின்ற இடத்திலேயே "ஏய், ஏய்" என்று கத்துகிறேன். என் ஓரகத்தி இதை வீடியோ எடுத்து, "குரங்குக்குப் பந்தி வைக்கும் எங்க அக்கா" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். குரங்கிடமிருந்து பொட்டலத்தைப் பிடுங்கப் போன அவள் சின்ன பையனுக்குக் கையில் நகக் கீறல். மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது.

இது நடந்து அஞ்சு மாசம். பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் யாரென்றே தெரியாத ஒருத்தர், "அந்தக் குரங்கு வீடியோ நீங்கதானே?" என்கிறார். பிள்ளைகள் என்னைப் பார்த்ததும், "பெரியம்மா, குரங்கு!" என்று கத்துகிறார்கள். என் வீட்டுக்காரர், "விளையாட்டுக்குத்தானே, விடு" என்கிறார். பொங்கல் முடிந்ததும் ஏற்காடு போகலாம் என்று பேச்சு நடக்கிறது. மறுபடியும் ஏற்பாடெல்லாம் நான்தானாம். உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடட்டுமா? ஓரகத்தியிடம் நேருக்கு நேர் கேட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

*

'நீங்கள்' போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன் கண்ணு. இரண்டாவது வரியிலேயே 'நீ' வந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். உன் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம், "நகக் கீறல், மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது" என்று நீ தாண்டிப் போன வரிதான். அந்தப் பையனுக்கு ஊசி போட்டார்களா? போட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் தடுப்பூசி போடத்தான் வேண்டும். பட்ட உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ வைக்கக் கூடாது. அன்றைக்குத் தொட்டியில் தண்ணீரும் இல்லை என்கிறாய்.

அஞ்சு மாசம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் வெளியே தெரியும். ஆனால் அதைத் தாண்டி மெதுவாகத் தலைகாட்டுவதும் உண்டு, தலைகாட்டிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் மாதக்கணக்கில் தள்ளிப் போய் வந்தாலும், நேற்றுப் பட்ட காயத்தைப் போலத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று போடுவார்கள். பையனுக்கு என்ன தேவை என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். குறைந்தபட்சம் கையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பதினேழு பேர் இருந்த இடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

ஆகவே உன் ஓரகத்தியிடம் நீ முதலில் பேச வேண்டியது வீடியோவைப் பற்றி இல்லை. இதைப் படித்ததும் போன் போடு. "சின்னவன் கையில அன்னிக்குக் குரங்கு பிறாண்டுச்சே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று மட்டும் கேள். "நீ வீடியோ எடுத்துட்டு நின்னே, உன் பிள்ளையைக் கவனிக்கல" என்று வாய் வரைக்கும் வரும். நாலு பேர் முன்னால் சொன்னால் ஜெயித்துவிடக் கூடிய வார்த்தைதான், விழுங்கிவிடு. போனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஓரத்தில் நடந்தது தெரிந்திருக்காது. தெரியவந்த பிறகு அவளே போதுமான அளவு வருத்தப்படுவாள்.

இனி உன் விஷயம்.

தேதி பார்த்தது நீதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காவிரியில் தண்ணீர் திறந்தது நீ இல்லையே. ஆடியில் குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்தால் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பும். அங்கே திறந்துவிட்டால் பிலிகுண்டுலு வழியாக நேரே நமக்குத்தான் வரும், நடுவில் பிடித்துவைக்க வேறு அணை கிடையாது. 2018-லும் 2024-லும் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி, அருவி எது ஆறு எது என்றே தெரியாமல் போனது. தண்ணீர் ஏறினால் தடை போடுவார்கள், அது ஊருக்கே தெரிந்த கதை. ஓசூரில் இருக்கிற உன் நாத்தனாருக்குத் தெரியாதா என்ன? எல்லோருக்கும் லீவு தோதுப்பட்ட நாளைத்தான் நீ பார்த்திருப்பாய். அடுத்த தடவை ஆடியில் போவதானால் தடை இருந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தீர்த்தமலைக்கு வண்டியைத் திருப்பலாம், இல்லையென்றால் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்கத் தோன்றுகிறது. ஓகேனக்கல் வரைக்கும் போயா களி கிண்டினாய்? மீனை வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்து வறுத்தும் கொடுக்க அங்கே பெண்கள் அடுப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தை கேட்டார்கள் என்கிறாய். உன் அத்தைக்குக் களி மேல் ஆசை, அதில் தப்பில்லை. ஆனால் 17 பேருக்குக் களி என்பது விளையாட்டில்லை. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக் கிண்ட வேண்டும், நடுவில் கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அதனால்தான் நீ நின்ற இடத்திலேயே "ஏய், ஏய்" என்று கத்தியிருக்கிறாய். களி கிண்டிய எவளுக்கும் இது புரியும். வீடியோ பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் களி கிண்டியவர்கள்?

இன்னொன்றையும் கவனித்தேன். நாலு ஆண்கள் எண்ணெய் முழுக்குப் போட்டு 17 பேருக்கான தண்ணீரைக் காலி பண்ணியதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. நீயே அதை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். அன்றைக்குச் சாவி, அடுப்பு, ஜன்னல் எல்லாம் உன் ஒருத்தி கையில் இருந்தன. தவறியதும் உன் கையிலிருந்துதான் தவறியது. மற்றவர்கள் கையில் போன் இருந்தது. "விளையாட்டுக்குத்தானே" என்று சொல்கிற உன் வீட்டுக்காரரிடம், அவர் தலையில் எண்ணெய் வழிய நிற்கிற போட்டோ ஒன்றை பாலக்கோட்டு மண்டபத்தில் காட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார். சண்டையாகக் கேட்காதே, சோறு போடும்போது கேள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். 28 வருஷத்துக்கு முன்னால், நாங்கள் தருமபுரியில் இருந்தபோது, இரண்டு வேனில் கிருஷ்ணகிரி அணைக்குக் கிளம்பினோம். புளிசோறு என் பொறுப்பு. அணைப் பூங்காவில் ஜமக்காளம் விரித்து, எல்லோரும் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. தூக்குப்போசியைத் திறக்கிறேன், உள்ளே ஊற வைத்த இட்லி அரிசி. புளிசோறு வீட்டில் அடுப்படித் திண்ணையில் பத்திரமாக இருக்கிறது. என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்துக் கொடுத்து, "போய் வறுத்த மீன் வாங்கிட்டு வாங்கடா" என்றார். அன்றைக்கு இலையில் வெறும் மீன்தான்.

இந்தக் கதையை இன்றுவரை நானேதான் சொல்கிறேன். யாராவது ஆரம்பித்தால்கூட நடுவில் பிடுங்கிக்கொள்வேன். சொல்லச் சொல்ல மீன் ருசியாகிக்கொண்டே போகிறது, அரிசி குறைந்துகொண்டே வருகிறது. வாய்க்கதைக்கு அந்த வசதி உண்டு. வீடியோவுக்குக் கிடையாது. அஞ்சு மாசம் கழித்துப் பார்த்தாலும் அதே குரங்கு, அதே கத்தல். போட்டவளுக்கே சலித்துப் போனாலும் பாலக்கோட்டில் யாரோ ஒருவருக்கு அது அன்றைக்குத்தான் புதிது. உனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று அவர்களுக்குப் புரியாததற்கும், உனக்கே சொல்லத் தெரியாமல் போனதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் கேலி பண்ணிக்கொள்வது வேறு. அது வாசலைத் தாண்டி முன்பின் தெரியாதவர் கைக்குப் போனது வேறு. அந்த இரண்டாவதற்காக நீ கோபப்படலாம், தாராளமாக.

அதனால் வீடியோவை எடுக்கச் சொல். குரூப்பில் எழுதாதே. அங்கே எழுதினால் ஆளுக்கொரு சிரிக்கிற பொம்மை போடுவார்கள், உன் பேச்சு அதற்குள் முங்கிப்போகும். பொங்கலுக்கு அவள் வருவாளில்லையா? மார்கழி, தை என்றால் நம் பக்கம் வீட்டுக்கு வீடு மொச்சை. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் பிதுக்குப் பருப்புக்கு உட்காரும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வை. இரண்டு படி மொச்சை பிதுக்குவதற்குள் எவ்வளவோ பேசிவிடலாம். கை பாட்டுக்கு வேலை பார்க்கும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய சங்கடமும் இல்லை. "அந்த வீடியோ வெளியாள் வரைக்கும் போயிருச்சு. எனக்குக் கஷ்டமா இருக்கு. எடுத்துரு, யாருக்கெல்லாம் அனுப்பினியோ அவங்களையும் எடுக்கச் சொல்லு" என்று சொல். அவ்வளவுதான். அவள் முன்பு செய்தது, அவள் அம்மா வீட்டுக்காரர்கள் செய்தது என்று பழைய கணக்கெல்லாம் இழுக்காதே. எங்கெங்கோ போனதையெல்லாம் திரும்பப் பிடிக்க முடியாதுதான். ஆனால் குடும்பத்துக்குள் அது ஓய்ந்தாலே பாதி நின்றுவிடும். பிள்ளைகள் "குரங்கு" என்பதை விட்டுவிடு. அதுகளுக்கு அடுத்த மாசம் வேறொன்று கிடைக்கும்.

ஏற்காட்டுக்குப் போகாமல் இருக்காதே. உடம்பு சரியில்லை என்று நின்றால், மலை ஏறுகிற வழியெல்லாம் உன் கதைதான் ஓடும், அதுவும் நீ இல்லாத தைரியத்தில். போ, ஆனால் ஏற்பாட்டாளராகப் போகாதே. அறை பேசுவதும் பணம் வசூலிப்பதும் நாத்தனார் வீட்டுக்காரர் பாடு. தையில் ஏற்காடு நல்ல குளிர், போர்வை உண்டா, வெந்நீர் உண்டா என்பதையெல்லாம் அவரே கேட்கட்டும். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழமும் பையும் கொண்டுவருவது கொழுந்தனார் பொறுப்பு. அத்தையின் மாத்திரை எப்போதும் அத்தையின் கைப்பையில் இருக்கட்டும், எந்த அறையிலும் வேண்டாம். சாவியை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடு. தொலைத்தால் அவர் தொலைக்கட்டும். சாப்பாடு மெஸ்ஸில். அத்தை களி வேண்டும் என்றால், ஊருக்குத் திரும்பி வந்து மறுநாள் வீட்டில், கீரைக் கடைசலோடு கிண்டிக் கொடு. பையை ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஏற்காட்டிலும் குரங்கு உண்டு.

இதையெல்லாம் நீயே போய்ச் சொன்னால், "மூத்த மருமகளுக்கு இப்பல்லாம் வேலை கசக்குது" என்று ஒரு பேச்சு வரும். வரட்டும். 14 வருஷத்தில் அந்தப் பேச்சு ஒரு தடவை வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இந்த இதழ் உன் கைக்கு வந்ததும் முதலில் பெங்களூருக்குப் போன் போடு. சின்னவனை டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று எனக்கு ஒரு கார்டு எழுது. மற்றதெல்லாம் பொங்கல் கழித்துச் சொன்னால் போதும்.