மஞ்சள் சேலை நீலமானது ஏன்?

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ்டவுனில் இருக்கிறேன். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் அப்பா எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து, பைதானில் ஒரு சின்ன நிரல் எழுதிச் சுருக்குகிறேன். ஓபன்சிவி என்ற பட லைப்ரரியில் திறந்து, பில்லோ என்ற இன்னொரு லைப்ரரியில் சேமிக்கிறேன். பால்குடம் எடுக்கும் பெண்களின் மஞ்சள் சேலையெல்லாம் வான நீலமாக வருகிறது. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் விண்டோஸில் திறக்கவே மாட்டேன் என்கின்றன. இந்த லைப்ரரிகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நானே எழுதிவிடலாமா?

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

வேண்டாம். ஜேபெக் கோப்பை விரிக்கிற வேலையிலிருந்து தொடங்கினால், அடுத்த தைப்பூசம் வந்தாலும் அப்பாவின் படங்கள் பெட்டியில்தான் கிடக்கும். லைப்ரரிகள் இரண்டும் நல்லவை. ஒன்று மற்றொன்றிடம் படத்தைக் கொடுக்கும் இடத்தில்தான் கோளாறு.

ஓபன்சிவி ஒவ்வொரு புள்ளியையும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கும். பில்லோ எதிர்பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம். சேலையின் ஒரு புள்ளியில் சிவப்பு 240, பச்சை 190, நீலம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை புரண்டால் சிவப்பு 30, நீலம் 240. நீங்கள் பார்த்த வான நீலம் இதுதான். பச்சை நடுவில் இருப்பதால் அசையாது. பின்னால் நிற்கும் மரங்கள் ஓரளவு ஒழுங்காகவே தெரிந்திருக்கும், பாருங்கள். எண்கள் எல்லாம் செல்லுபடியானவை என்பதால் பிழைச் செய்தியும் வராது. பில்லோவிடம் கொடுக்கும் முன் ஓபன்சிவியின் சிவிடிகலர் (cvtColor) கட்டளையால் வரிசையை மாற்றுங்கள், ஒரே வரி. வெறுமனே சுருக்குவதுதான் வேலை என்றால், திறப்பதையும் பில்லோவிலேயே செய்யலாம்.

அப்புறம் கோப்புப் பெயர். விண்டோஸில் ஓபன்சிவியின் படம் திறக்கும் கட்டளையான இம்ரீட் (imread) தமிழ்ப் பெயரைக் கண்டால் திணறும். நிரலை நிறுத்தாமல் 'நன்' (None) என்று வெறுங்கையைத் திருப்பித் தரும். இரண்டு வரி தள்ளி வேறெங்கோ நிரல் விழும். எனவே திறந்ததும் 'நன்' வந்ததா என்று சோதியுங்கள். ஆனால் இதற்காகப் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். படத்தில் இருப்பது யார், எந்த வருடம் என்பதற்கு அந்தப் பெயரை விட்டால் நம்மிடம் வேறு பதிவு இல்லை. எண் வரிசைகளைக் கையாளும் நம்பை (NumPy) லைப்ரரியின் ஃப்ரம்ஃபைலால் (fromfile) கோப்பை பைட்டுகளாக எடுத்து ஓபன்சிவியின் இம்டிகோடிடம் (imdecode) கொடுங்கள், திறந்துவிடும்.

ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பில்லோ 75 என்று எடுத்துக்கொள்ளும், ஓபன்சிவி 95. சுருக்கிய படங்களைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஸ்கேன் செய்த மூலத்தின் மேல் எதையும் எழுத வேண்டாம்.